வெயிலில் நிற்பவள்

மெயில் வந்தபோது புனிதா இட்லிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செல்லை எடுத்தாள். கனடாவிலிருந்து. விசாதான் என்று நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. மாமியாரைக் கூப்பிட வாயைத் திறந்தவள், இரண்டாவது பாராவுக்குப் போனதும் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். உங்களை ஸ்பான்சர் செய்யும் கணவர் குமரேசன், 2019-ல் தன் மனைவிக்காக ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார். மனைவியின் பெயர் அம்சா. அவர் இறந்துவிட்டார் என்று இப்போது சொல்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஊராட்சிக் கடிதம் போதாது. அரசாங்கம் கொடுத்த இறப்புச் சான்றிதழ் வேண்டும். முப்பது நாள் அவகாசம். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம்.

கடைசியில் ஒரு வரி. 'எங்கள் பதிவுகளில் இன்றைய தேதிக்கு ஸ்பான்சரின் மனைவி என்று இருப்பவர் அம்சா.'

புனிதா மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். கூடத்துச் சுவரில் மாலைக்கு நடுவிலிருந்து அம்சா சிரித்துக்கொண்டிருந்தாள். இடது புருவத்தில் சின்னதாய் ஒரு வெட்டுத் தழும்பு. அந்தச் சிரிப்பு இத்தனை நாள் சாதாரணமாகத்தான் இருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை.

"என்னடி, காத்துல எதையோ பாத்துக்கினு நிக்கறே?" மாமியார் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவ மனசு குளுரலைடி. போன வெள்ளிக்கெழம வெளக்கு தானா அணைஞ்சுதே, அப்பவே நெனைச்சேன்."

"காத்துல அணைஞ்சுது அத்தை."

"ஜன்னலே இல்லாத ரூமுல ஏதுடி காத்து?"

புனிதா செல்லை மறுபடி எடுத்தாள்.

குமரேசனுக்குப் போன் போட்டாள். கனடாவில், பிராம்ப்டனில், அப்போது ராத்திரி சாப்பாட்டு நேரம். டிரக் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான்.

"எங்கிட்ட ஏது புனிதா அந்தப் பேப்பரு? ரெண்டாயிரத்து இருபது ஆகஸ்ட்டு, கொரோனா. அவங்கப்பாதான் எல்லாம் பாத்தாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து பாடியே தரலைன்னாரு. எனக்கு ஃபிளைட்டு இல்ல, எங்கம்மாவுக்கு பஸ்ஸு இல்ல. கடைசியா மொகத்தைக்கூட..." குரல் தேய்ந்தது. பிறகு தேற்றிக்கொண்டான். "விழுப்புரத்துல போய்க் கேளு. ரிஜிஸ்டர்ல இருக்கும். எப்படியாவது வாங்கிடும்மா."

கல்யாணமாகி இரண்டரை வருஷம். அதில் அவனோடு இருந்தது இருபத்தாறு நாள். எதிர்வீட்டுக்காரி வாரம் தவறாமல் கேட்பாள், "இன்னும் பொறப்படலையா?" என்று. கட்டிலுக்கடியில் பெட்டி தயாராகக் கிடந்தது. இருபத்து மூன்று கிலோ, எடை போட்டுக் கட்டியது. பாண்டிச்சேரியில் வாங்கின குளிர் கோட்டு மேலாக மடித்து வைத்திருந்தது. திண்டிவனத்து வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தரம் எடுத்துப் போட்டுப் பார்ப்பாள்.

இப்போது அந்தப் பெட்டிக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரே ஒரு காகிதம். செத்துப்போன ஒருத்தி செத்துப்போனாள் என்பதற்குக் காகிதம்.

சாமி அறையில் ஒரு புடவை இருந்தது. மஞ்சள், அரக்கு பார்டர். கல்யாணத்துக்கு முதல் நாள் ஏரிக்கரைக் கிணற்றடியில் பூவாடைக்காரியை அழைத்தபோது படைத்த புடவை. சுமங்கலியாய்ப் போன மூத்தவளைப் பூவும் புடவையும் காட்டிக் கூப்பிட்டு, அவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் இளையவள் கழுத்தில் தாலி ஏறவேண்டும். பம்பைக்காரர் அம்சாவின் பெயரைச் சொல்லி அரைமணி நேரம் பாடினார். யார் மேலும் வரவில்லை. அப்புறம் வந்தது. கல்யாணப் பெண் மேலேயே வந்தது.

புனிதாவுக்கு அதில் ஒன்றும் ஞாபகமில்லை. தான் என்ன சொன்னோம் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டாள்.

'வெயில்ல நிக்கறேன். கால் சுடுது. தண்ணி குடு.'

அப்போது பொழுது சாய்ந்திருந்தது. கிணற்றடியில் வெயிலே இல்லை.

*

மறுநாள் காலை பஸ்ஸில் விழுப்புரம் கிளம்பினாள். ஆடி பிறந்தும் வெயில் குறையவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வால் நீண்டு நின்றன. பஸ் நின்றதும் வெள்ளரிக்காயும் தண்ணீர் பாட்டிலும் ஜன்னலுக்கு ஜன்னல் ஏறி இறங்கின.

"மல்லாட்டை, சூடா மல்லாட்டை!"

அவித்த வேர்க்கடலைக் கூடையோடு, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிய ஒருத்தி. புழுதிக்கும் வெயிலுக்கும் அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். கண் மட்டும் தெரிந்தது. புனிதா பத்து ரூபாயை நீட்டினாள். பொட்டலம் கைக்கு வந்தது. ஆனால் அந்தக் கை ரூபாயை வாங்கவில்லை. அந்தக் கண்கள் புனிதாவின் முகத்தில் நின்றன. தாலிக்கு இறங்கின. திரும்ப முகத்துக்கு ஏறின.

"காசு வேணாம். போ."

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. புனிதா எட்டிப் பார்த்தாள். தார் ரோட்டில் அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார்கள், அவள் ஓடவில்லை.

காசு வேண்டாம் என்று சொல்கிற மல்லாட்டைக்காரி உலகத்தில் உண்டா? மடியில் பொட்டலம் சுட்டது. புனிதா அதில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. பக்கத்து சீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

விழுப்புரத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்தவர் கோதண்டபாணி. ஓய்வு பெற இன்னும் ஆறே மாதம். எல்லோருக்கும் உதவி செய்தே தீருவது என்று கங்கணம் கட்டியவர் போல மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரில் தேடினார். அப்புறம் எழுந்துபோய் நோட்டைப் புரட்டினார். ஆகஸ்ட் முழுக்க. செப்டம்பர் முழுக்க.

"அம்சா, தகப்பன் பேரு துரைக்கண்ணு. இல்லியேம்மா."

"கொரோனா சார். ஆஸ்பத்திரில..."

"அந்த லிஸ்ட்டு தனியா இருக்கு, அதையும் பாத்துட்டேன். கொரோனா சாவுன்னா ஒண்ணுக்கு மூணு எடத்துல பேரு ஏறும்மா. ஒண்ணுலயும் இல்லியே." கண்ணாடியைக் கழற்றினார். "சரி, பேஜாரு வேணாம். இங்க பதிவு இல்லைன்னு ஒரு சான்று தர்றேன். அதை வெச்சு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு போடு. பெத்தவங்க வாக்குமூலம் வேணும். நீ ஒரு சத்தியப் பத்திரம் எழுதணும். அவங்க ஆர்டர் போட்டா இங்க நான் பேரு ஏத்திடுவேன். எல்லாத்தையும் மொதல்ல எங்கிட்ட கொண்டாந்து காட்டு."

"ரொம்ப நன்றி சார்."

"ஒண்ணு மட்டும் நல்லா விசாரிச்சுக்கோ." அவர் சிரித்தார். "ஒரு தரம் ஏத்திட்டா எறக்கறது ரொம்ப கஷ்டம். கோலியனூர் பக்கம் ஒரு ஆளு, பங்காளிங்க சேர்ந்து செத்துட்டான்னு எழுதி வெச்சுட்டானுங்க. நான் உயிரோட இருக்கேன்னு இதோ இந்த ஜன்னல்ல வந்து நிப்பாரு. எட்டு வருஷம் நடந்தாரு. 'நீதான் அவருன்னு என்ன அத்தாட்சி'ன்னு எல்லா ஆபீஸ்லயும் கேட்டான். ஒன்பதாவது வருஷம் நெசமாவே போய்ட்டாரு. மறுபடி பேரு ஏத்த முடியலை. ஏற்கெனவே இருக்கே!"

பின்னாலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். புனிதா சான்றுக்குக் கையை நீட்டினாள்.

*

துரைக்கண்ணுவின் வீடு திருவெண்ணெய்நல்லூரைத் தாண்டி, கரும்புக்கொல்லை நடுவில். ஒரு வாரம் கழித்து புனிதா அங்கே போனாள். வெறுங்கையோடு போகாதே என்று மாமியார்தான் அந்த மஞ்சள் புடவையை எடுத்துப் பையில் வைத்தாள். "பொறந்த வீட்டுல அவங்கம்மா கையால இதுக்குக் குங்குமம் வெச்சு வாங்கியா. அவ மனசு எறங்கும்."

துரைக்கண்ணு ஆள் வாட்டசாட்டம். வந்த விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கேட்டார்.

அதுதான் முதல் உறுத்தல். பெற்ற மகள் செத்ததை எழுதித் தரச்சொன்னால் ஒரு தகப்பனுக்குக் கை கொஞ்சமாவது நடுங்காதா? மனுவைப் படித்துக்கூடப் பார்க்காமல் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"தேதி பதினேழு, எட்டு, ரெண்டாயிரத்து இருபது. எழுதிக்கோ. சாட்சிக்கு வேணும்னா என் பங்காளி ரெண்டு பேரு வருவானுங்க. நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதாம்மா. ஜல்தியா முடிச்சுக்கினு நல்லபடியா புருஷங்கிட்ட போய்ச் சேரு."

இரண்டாவது உறுத்தல் சுவரில் இருந்தது. காலண்டர் இருந்தது, சாமி படங்கள் இருந்தன, மாலை போட்ட பெரியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அம்சாவின் படம் இல்லை.

துரைக்கண்ணு மோட்டார் போடக் கொல்லைக்குப் போனார். சமையற்கட்டில் அம்மணி இருந்தாள். அம்சாவின் அம்மா. வந்ததிலிருந்து அவள் புனிதாவின் முகத்தையே நேராகப் பார்க்கவில்லை. புனிதா புடவையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள்.

"அக்காவுக்கு அழைச்ச சீலைங்க. ஒவ்வொரு வெள்ளியும் இதை வெச்சுதான் படைக்கிறோம். உங்க கையால ஒரு குங்குமம்..."

தாம்பாளத்தைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் அம்மணி. இரண்டடி பின்னால் போனாள். முதுகு சுவரில் இடித்தது.

"வெள்ளிக்கு வெள்ளியா? ரெண்டரை வருஷமாவா?"

"ஆமாங்க. வருஷத் திதிக்குத் தனியா..."

"ஐயோ, வேணாம் கண்ணு!" அம்மணி அவள் கையை எட்டிப் பிடித்தாள். அடித்தொண்டையிலிருந்து வந்தது குரல். "உன் கால்ல வேணா விழறேன். இனிமே படைக்காத. மாலை போடாத. உசுரோட இருக்கறவளுக்குப் படையல் போட்டா அவ ஆயுசு கொறைஞ்சுடும்மா!"

கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. புனிதாவுக்கு அது மட்டும்தான் கேட்டது, ரொம்ப நேரம்.

அம்மணி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லி முடித்தாள். ஊரடங்கின்போது அம்சா இங்கேதான் இருந்தாள். கனடாவுக்குப் போகக் காத்திருந்தாள். வேறு சாதி, வேறு சாமி, பஞ்சர் கடை வைத்திருந்தவன் ஒருவன். ஒரு விடியற்காலையில் அவனோடு போய்விட்டாள். துரைக்கண்ணு தலைமுழுகினார். ஊருக்கும் மருமகனுக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னார், கொரோனா. அந்த வார்த்தையைத் தாண்டி அப்போது யாரும் இந்த வாசலுக்கு வரவில்லை.

"அவரு அவகிட்டயே சொல்லி அனுப்பிட்டாரும்மா. செத்தவ செத்தவளாவே இருக்கணும், வாசல்ல வந்து நின்னா நெசமாவே செஞ்சுடுவேன்னு."

"இப்போ எங்க இருக்காங்க?"

அம்மணி கொல்லைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"விக்கிரவாண்டி டோல்கேட்டுல. பஸ்ஸுக்கு மல்லாட்டை விக்கறா."

*

பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று டயருக்குள் உட்கார்ந்து வெல்லக்கட்டி தின்றது. ஷெட்டின் பின்சுவரில் ஒரு சிலுவை.

துப்பட்டா இல்லாத முகம் நிமிர்ந்தது. இடது புருவத்தில் அந்தத் தழும்பு.

புனிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். பகல் இரண்டு மணி. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. ஆனாலும் உடம்பு முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. தினம் தினம் எழுந்ததும் விழித்த முகம். அதற்கு வியர்த்திருந்தது. அதற்கு மூச்சு இருந்தது.

"அன்னைக்கு பஸ்ஸுலயே நான் உன்னைக் கண்டுபுடிச்சுட்டேன்," என்றாள் அம்சா. "உங்க கல்யாண போட்டோவை ஃபேஸ்புக்குல பாத்தேன். ரெண்டு பேருக்கும் நடுவுல நாற்காலி போட்டு என் படத்தையும் உக்கார வெச்சிருந்தீங்களே. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. ஏன் நின்னுக்கினே இருக்கே? உக்காரு. நான் பேய் இல்ல, கால் இருக்குது பாரு."

அவள் காலைப் பார்த்தாள் புனிதா. செருப்பில்லாத கால். உள்ளங்கால் தாரில் வெந்து கறுத்து வெடித்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ரெண்டாயிரத்து இருபத்து மூணு ஜனவரி. கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் உங்க பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க. எம் மேல வந்து, வெயில்ல நிக்கறேன், கால் சுடுதுன்னு..."

அம்சாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"எப்போ? பொங்கல் முடிஞ்ச வாரமா?"

"ஆமாங்க்கா."

"அந்த வாரம்தான் நான் இங்க கூடையைத் தூக்கினேன்." அம்சா கரண்டியைக் கீழே வைத்தாள். "விடு. இதெல்லாம் தோண்டாத. எனக்குப் பயமா இருக்குது."

புனிதா பையைத் திறந்து காகிதங்களைக் காட்டினாள். முப்பது நாளில் பதினோரு நாள் போயிருந்தது. அம்சா அப்பாவின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லா அழுத்திப் போட்டிருக்காரு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "வாங்கிக்கோ புனிதா. சான்றிதழை வாங்கிக்கினு போய்ச் சேரு. நான் இப்போ ஆரோக்கியசெல்வி. அம்சா செத்துட்டான்னு கவர்மென்ட்டே எழுதிட்டா எங்கப்பனும் அடங்கிடுவாரு. உன் புருஷனுக்கும் தெரிய வேணாம். பாவம், ரொம்ப அழுதாராமே."

"அழுதாருங்க்கா. இன்னும் அழுவறாரு."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

கிளம்பும்போது அம்சா ஒரு பொட்டலம் கட்டிப் பைக்குள் திணித்தாள். "இதையாவது தின்னு. அன்னைக்குக் குடுத்ததைத் தூக்கிப் போட்டிருப்பே, எனக்குத் தெரியும்."

*

வீட்டில் இரண்டு நாள் புனிதா தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பேசவில்லை. மூத்தவள் பிடித்துக்கொண்டாள் என்று மாமியார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள்.

கணக்கு எளிமையானதுதான். வாயை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் கனடா. பெற்ற அப்பனே போட்டாயிற்று. சம்பந்தப்பட்டவளே சரி என்றாயிற்று. யாருக்கும் நஷ்டமில்லை. வாயைத் திறந்தால்? விவாகரத்து ஆகாத முதல் மனைவி உயிரோடு இருக்கிறாள். அப்படியானால் புனிதா கழுத்தில் இருப்பது வெறும் மஞ்சள் கயிறு. கனடாக்காரன் எழுதின கடைசி வரிதான் நிஜம்.

மூன்றாம் நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டோல்கேட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "மல்லாட்டை, சூடா மல்லாட்டை!" ஜன்னலோரம் அந்தக் குரல் வந்தது, போனது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எல்லாம் கரெக்டா இருக்கும்மா." கோதண்டபாணி காகிதங்களைத் தட்டி அடுக்கினார். "தகப்பன் வாக்குமூலம் ஓகே. சாட்சி ஓகே. உன் சத்தியப் பத்திரத்துல மட்டும் கையெழுத்து இல்ல. போட்டுடு. 'மேற்படி அம்சா என்பவர் இறந்தது எனக்குத் தெரியும், இது சத்தியம்.' அவ்ளோதான்."

பேனாவுக்காகப் பையைத் துழாவினாள் புனிதா. பொட்டலம் கையில் தட்டியது. இழுத்த வேகத்தில் பிரிந்து மல்லாட்டை மேஜையெல்லாம் சிதறியது. கோதண்டபாணி "அடடா" என்று பொறுக்கத் தொடங்கினார். ஒன்றை உடைத்து வாயிலும் போட்டுக்கொண்டார்.

பொட்டலக் காகிதம் புனிதா கையில் மிச்சமிருந்தது. குழந்தையின் நோட்டிலிருந்து கிழித்தது. ஒரு கோழி, ஊதாக் கலரில். மேலே 'அஸ்வினி, எல்.கே.ஜி.' கீழே டீச்சரின் சிவப்பு மை: 'தாயார் ஆதார் நகல் கொண்டுவரவும். மூன்றாம் முறை எழுதுகிறேன்.'

புனிதா அதை இரண்டு தரம் படித்தாள். தன்னிடம் முப்பது நாளில் கேட்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் மூன்றாம் முறையாகக் கேட்கிறார்கள். இந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் நான்காம் முறை, நாற்பதாம் முறை கேட்டாலும் அந்தத் தாயாரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. எந்த ஜன்னலில் போய் நின்று, நான்தான் அவள் என்று சொல்லுவாள்?

"சார், அந்தக் கோலியனூர் ஆளு... கடைசில எங்க செத்தாரு?"

கோதண்டபாணி மெல்லுவதை நிறுத்தினார். "பஸ் ஸ்டாண்டுல. ஏம்மா?"

"கையெழுத்து இன்னைக்கு வேணாம் சார்."

அவர் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் சாவுகளை எழுதினவர். காகிதங்களை அடுக்கிக் கொடுத்தார், மல்லாட்டையையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

*

டோல்கேட்டில் இறங்கினாள். அம்சா கூடையோடு ரோட்டோரம் நின்றிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"குடுக்கலைக்கா." நோட்டுக் காகிதத்தை நீட்டினாள். "இதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

அம்சாவின் கண் அதில் நின்றது. "ஆதாரு எங்கப்பன் பொட்டில கெடக்குது. புது பேருல வாங்கணும்னா பழைய பேரைக் காட்டணும். பழைய பேருக்காரி செத்துட்டா. நான் எங்க போவேன்?"

"கனடாவுல இருக்கறவரு கையெழுத்துப் போட்டா விவாகரத்து வாங்கலாம். உங்களுக்கும் விடுதலை. நான் அவருகிட்ட சொல்லப் போறேன். ஆனா நீங்க சரின்னாதான். உங்கப்பாவுக்கும் தெரியவரும்."

"உன் கனடா?"

பஸ் ஒன்று வந்து நின்றது. அம்சா ஜன்னலைப் பார்த்து ஓடவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். துப்பட்டா கழுத்துக்கு வழிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

"எங்கப்பன் வந்தா வரட்டும். எங்க ஊட்டுக்காரரு இருக்காரு, போலீஸ் இருக்குது. அஞ்சு வருஷமா துணிக்குள்ளயே மூச்சு உட்டுக்கினு கெடக்கறேன். சொல்லிடு."

*

மறுநாள் காலை ஆறரை. வெள்ளிக்கிழமை. சாமி அறையில் மாமியார் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். புனிதா கூடத்தில், அம்சாவின் படத்துக்கு நேராக உட்கார்ந்து வீடியோ கால் போட்டாள்.

"கெடைச்சுதா?" என்றான் குமரேசன்.

"இல்லீங்க. கெடைக்காது." ஒரே மூச்சில் சொன்னாள். "அம்சா அக்கா சாவலை. உசுரோட இருக்காங்க. நான் பாத்தேன்."

திரையில் அவன் முகம் உறைந்தது. நெட்டுதான் போச்சோ என்று நினைத்தாள். இல்லை, பின்னால் சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது.

அவனுக்குக் கேட்க எத்தனையோ இருந்தது. எப்படி, யார் பொய் சொன்னது, நம் விசா என்ன ஆகும், நீ என்ன ஆவாய். புனிதா எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தாள். ராத்திரி முழுக்க யோசித்திருந்தாள்.

அவன் உதடு அசைந்தது.

"நல்லா இருக்காளா?"

அவ்வளவுதான் கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்காகத் திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். இந்த இரண்டரை வருஷத்தில் ஒரு நாளும் புனிதா அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"இருக்காங்க," என்றாள். "ஒரு பொண்ணு இருக்குது. வெயில்லதான் வேலை."

"செருப்பு போட்டிருக்காளா? அவளுக்குக் கால்..." சட்டென்று நிறுத்தினான். யாரிடம் கேட்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "புனிதா, நான்... நான் லீவு போட்டுக்கினு வர்றேன். என்ன கையெழுத்து வேணுமோ போட்டுத் தர்றேன். அப்புறமா நாம மறுபடியும் மொதல்லேர்ந்து..."

"வாங்க. அவங்களுக்குப் போட்டுக் குடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

போனை வைத்தாள்.

கனடா மெயிலின் கீழே பதில் எழுத ஒரு கட்டம் இருந்தது. யாரிடமும் கேட்காமல் அதில் ஒரே வரி தட்டினாள். 'அம்சா உயிருடன் இருக்கிறார். இது எனக்கு இந்த மாதம்தான் தெரியவந்தது.' அனுப்பு என்பதை அழுத்தினாள். கட்டிலுக்கடியில் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவரிலிருந்த படத்தின் மாலையைக் கழற்றினாள்.

"அடியே!" மாமியார் விளக்கோடு ஓடி வந்தாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா மூத்தவ மாலையில கை வெக்கறியே, என்னடி ஆச்சு உனக்கு?"

"உசுரோட இருக்கறவங்களுக்கு எதுக்கு அத்தை மாலை?"

மாமியாரின் வாய் திறந்தது, மூடவில்லை. கையிலிருந்த விளக்கில் சுடர் நேராக, ஆடாமல் நின்றது.

புனிதா நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. மாலை கையில் கனத்தது. நேற்றைக்குக் கட்டின மல்லிகை, இன்னும் வாடவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் இன்னொரு படம் மாட்டியிருந்தது. கல்யாணப் படம். நாற்காலியில் அம்சா, ஒரு பக்கம் குமரேசன், இன்னொரு பக்கம் ஒரு பெண் மாலையும் கழுத்துமாக.